ஒளிக்கு ஒரு மாடம்

நுழையும்முன்

இருளை அகற்ற மனிதர் கண்ட விளக்குகள் பல. அவற்றுள் எது எரிந்தது, எது ஒளிர்ந்தது என்று நாம் கற்கிறோம். ஒளிர்ந்ததை எது காத்தது என்று எண்ணிப் பார்ப்பது அரிது. இன்று நம் வீதிகளை வெண்மையாக்கும் எல்.இ.டி. விளக்கின் உள்ளே, கண்ணுக்குத் தெரியாத ஒரு தேய்மானம் நிகழ்ந்துகொண்டிருக்கிறது. அத்தேய்மானத்தைத் தடுக்கக் கண்ணாடியால் இயலும் என்பதையும், இயன்றும் அது பரவாமல் இருப்பதன் காரணத்தையும் விவாதிக்கிறது இக்கட்டுரை.

விளக்கின் வரலாறு சுடரின் வரலாறு மட்டுமன்று. சுடரைக் காத்த பொருள்களின் வரலாறும் ஆகும். அகல் விளக்கின் சுடர் காற்றில் அணையாதிருக்கச் சுவரில் மாடம் அமைத்தனர் நம் முன்னோர். அரிக்கேன் விளக்கின் திரியைச் சுற்றிக் கண்ணாடிக் கூண்டு நின்றது. 1879இல் எடிசன் கரி இழையை ஒளிரச் செய்தபோது, காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் குமிழே அவ்விழை எரிந்து சாம்பலாகாமல் காத்தது. பின்னர் வந்த குழல்விளக்கின் உட்சுவரில் பூசப்பட்ட வெண்பொடியும் கண்ணாடிக்குள்ளேயே வாழ்ந்தது. எல்.இ.டி. விளக்கு வந்தபோதுதான் இந்த நெடிய உறவு அறுந்தது. ஒளியைத் தரும் பொடி கண்ணாடியை விட்டு வெளியேறி, நெகிழ்வான பிசினுக்குள் குடியேறியது.

இந்தக் குடிபெயர்வு மலிவானது. பல இடங்களில் போதுமானதும்கூட. ஆயினும் சாலை, துறைமுகம், விளையாட்டரங்கு, வாகன முகப்பு போன்ற இடங்களில் எரியும் திறன்மிகு விளக்குகளில் ஒளிர்பொருளை மீண்டும் கண்ணாடிக்குள் கொண்டுவர வேண்டும் என்பது என் கருத்து. அதற்குத் தடையாக இருப்பது அறிவியலின் இயலாமை என்பதைவிட, விளக்கை நாம் அளக்கும் முறையின் குறைபாடு என்றே சொல்வேன்.

நீலத்திலிருந்து பிறந்த வெண்மை

எல்.இ.டி. சில்லு ஒன்று தன்னியல்பில் வெண்ணிற ஒளியைத் தருவதில்லை. அது ஒரு நிறத்தை மட்டுமே உமிழும். கண்ணுக்குப் புலப்படும் செந்நிற எல்.இ.டி.யை நிக் ஹோலோன்யாக் 1962இல் உருவாக்கினார். அதன்பின் பளிச்சிடும் நீல ஒளியை அடைவதற்கு முப்பது ஆண்டுகள் தேவைப்பட்டன. ஜப்பானின் இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ ஆகியோர் காலியம் நைட்ரைடு படிகங்களில் அடிப்படை வெற்றிகளைக் கண்டனர். நிச்சியா நிறுவனத்தில் பணியாற்றிய ஷுஜி நாகமுரா 1993இல் ஒளிமிகு நீல எல்.இ.டி.யை அளித்தார். மூவருக்கும் 2014ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

நீலம் கிடைத்ததும் வெண்மை எளிதாயிற்று. நீலச் சில்லின்மீது மஞ்சள் நிறத்தில் ஒளிரும் ஒரு பொடியைப் பிசினில் குழைத்து வைத்தனர். சில்லு உமிழும் 450 நானோமீட்டர் அளவிலான நீல ஒளியில் ஒரு பகுதியைப் பொடி உட்கொண்டு மஞ்சளாக வெளியிடும். உட்கொள்ளப்படாத நீலமும் வெளியிடப்பட்ட மஞ்சளும் கலந்து நம் கண்ணுக்கு வெண்மையாகத் தோன்றும். 1996இல் இம்முறையிலான வெண்ணிற எல்.இ.டி. விற்பனைக்கு வந்தது. கைப்பேசியின் ஒளிவிளக்கை அணைத்துவிட்டு உற்றுப் பாருங்கள்: சிறியதொரு மஞ்சள் புள்ளி தெரியும். அப்பொடியே ஒளிர்பொருள். ஆங்கில வழியில் அதனைப் பாஸ்பர் என்பர். தீப்பெட்டியோடு தொடர்புடைய பாஸ்பரஸ் என்னும் தனிமத்துக்கும் இதற்கும் பெயரொற்றுமை உண்டே தவிர, பொருளொற்றுமை இல்லை.

அம்மஞ்சள் பொடி, சிறிதளவு சீரியம் கலந்த யிட்ரியம் அலுமினியம் கார்னெட் என்னும் படிகமாகும். சீரியம் விளக்குக்குப் புதியதன்று. ஆஸ்திரியாவின் ஆவர் வான் வெல்ஸ்பாக் உருவாக்கிய எரிவாயு விளக்கின் மேண்டிலில் தோரியம் ஆக்சைடு 99 பங்கும் சீரியம் ஆக்சைடு 1 பங்கும் இருந்தன. நம் திருவிழாக்களில் எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் வெண்மையும் அவ்வழிப்பட்டதே. அத்தகைய மேண்டில்களுக்காகவே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குமரிக் கடற்கரையின் மணவாளக்குறிச்சியிலிருந்து மோனசைட் மணல் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. அதே சீரியம் இன்று வேறு படிகத்தில் அமர்ந்து, வேறு முறையில் வெளிச்சம் தருகிறது.

காணாமற்போன சிவப்பு

சீரியம் கலந்த மஞ்சள் பொடி மிகவும் உறுதியானது. வெப்பத்தையும் ஈரத்தையும் தாங்கும். ஆனால், அதன் ஒளியில் சிவப்பு குறைவு. நீலமும் மஞ்சளும் மட்டும் கலந்த வெண்மையில் வெள்ளைத்தாள் வெள்ளையாகவே தெரியும். தக்காளியும் செம்பருத்தியும் மனிதரின் முகமும் களையிழந்து தெரியும். தோலின் நிறத்தில் ஏற்படும் மாற்றத்தைக் கொண்டு நோயாளியின் நிலையை அறியும் மருத்துவருக்கும் செவிலியருக்கும் இது அழகு பற்றிய செய்தி மட்டுமன்று. குருதியோட்டத்தின் தடயம் சிவப்பில்தான் இருக்கிறது.

ஆகவே, செந்நிறத்தில் ஒளிரும் மற்றொரு பொடியைச் சேர்க்க வேண்டியதாயிற்று. இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. நல்ல சிவப்பைத் தரும் பொருள்கள் பலவும் நிலைப்புத்தன்மை குறைந்தவை. யூரோப்பியம் கலந்த கால்சியம் சல்ஃபைடு அழகிய சிவப்பைத் தரும். ஆனால், ஈரம் பட்டால் சிதைந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை வெளிவிடும். அவ்வாயு, சில்லைச் சுற்றி ஒளியைத் திருப்ப வைத்திருக்கும் வெள்ளிப் பூச்சைக் கறுக்கச் செய்யும். தானும் அழிந்து, தன்னைத் தாங்கிய இல்லத்தையும் கெடுக்கும் பொருள் அது.

மாங்கனீசு கலந்த பொட்டாசியம் ஃபுளோரோசிலிகேட் இன்னும் சுவையான எடுத்துக்காட்டு. அதன் சிவப்பு 631 நானோமீட்டரை ஒட்டிய மெல்லிய கோடுகளாக அமைகிறது. கண்ணுக்கு அரிதாகப் புலப்படும் நெடுஞ்சிவப்பில் ஆற்றலை வீணாக்காமல், கண் உணரும் சிவப்பில் மட்டும் அது ஒளிரும். தொலைக்காட்சித் திரைகளிலும் அது விரும்பப்படுவது இதனால்தான். ஆனால், ஈரக்காற்றும் வெப்பமும் ஒருங்கே தாக்கும்போது துகளின் மேற்பரப்பிலுள்ள மாங்கனீசு, பழுப்பு நிற மாங்கனீசு டை ஆக்சைடாக மாறிவிடும். அப்பழுப்பு ஒளியை உமிழாது, விழுங்கும்.

ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட கால்சியம் அலுமினியம் சிலிக்கான் நைட்ரைடு என்னும் செந்நிற ஒளிர்பொருள் இவற்றைவிட உறுதியானது. அதுவே இன்று பெரிதும் பயன்படுகிறது. ஆனால், அதன் ஒளி 650 நானோமீட்டரை ஒட்டி அகலமாகப் பரவுவதால் ஒரு பகுதி கண்ணுக்குப் பயன்படாமல் போகிறது. உறுதியை விரும்பினால் திறனை இழக்க வேண்டும். திறனை விரும்பினால் நிலையாமையை ஏற்க வேண்டும் என்ற நெருக்கடி இது. மூன்றாவது வழி ஒன்று உண்டு: நிலையாப் பொருளுக்கு நிலையான இல்லம் அமைத்துத் தருவது.

பிசினின் எல்லை

இப்போதைய இல்லம் சிலிக்கோன் பிசின். சிலிக்கான் என்னும் தனிமத்தோடு இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. சிலிக்கான், ஆக்சிஜன் சங்கிலியில் கரிமத் தொகுதிகள் இணைந்த நெகிழ்பொருள் இது. வார்ப்பதற்கு எளிது, விலையும் மலிவு, ஒளியை நன்கு ஊடுருவவிடும். ஆனால் நீராவியையும் வாயுக்களையும் அதே தாராளத்தோடு ஊடுருவவிடும். கதவில்லாத வீட்டைப் போன்றது அது. மழை நேராக உள்ளே விழாது. ஈரம் எப்போதும் உள்ளே இருக்கும்.

வெப்பமும் ஒரு காரணம். நீல ஒளியைச் செந்நிறமாக மாற்றும்போது ஆற்றலில் ஒரு பகுதி தவிர்க்க இயலாமல் வெப்பமாகிறது. 450 நானோமீட்டர் ஒளித்துகளை 630 நானோமீட்டர் ஒளித்துகளாக மாற்றினால், ஏறத்தாழ 29 விழுக்காடு ஆற்றல் பொடியிலேயே வெப்பமாகத் தங்கும். சிலிக்கோனின் வெப்பக் கடத்துத்திறனோ மீட்டருக்கு, கெல்வினுக்கு ஏறத்தாழ 0.2 வாட், கண்ணாடியினுடையது ஏறத்தாழ 1 வாட். வெப்பம் வெளியேற வழியின்றித் தேங்குவதால், திறன்மிகு விளக்கில் ஒளிர்பொருள் அடுக்கு சில்லைவிடவும் சூடாவதுண்டு. 150 டிகிரி செல்சியசைத் தாண்டிய வெப்பமும் செறிந்த நீல ஒளியும் நீண்டகாலம் சேர்ந்து தாக்கினால் பிசின் மஞ்சளாகும், வெடிக்கும், ஒட்டியிருந்த இடத்திலிருந்து விலகும்.

இது வெறும் ஆய்வகக் கவலையன்று. 2020ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் மில்வாக்கி, கனடாவின் வான்கூவர் உள்ளிட்ட பல நகரங்களில் வெண்ணிறச் சாலை விளக்குகள் சில, ஊதா நிறத்தில் எரியத் தொடங்கின. அலங்காரமோ என்று மக்கள் வியந்தனர். காரணம் வேறு: சில்லின்மீது இருந்த ஒளிர்பொருள் அடுக்கு பெயர்ந்துவிட்டது. மேலாடை நழுவியதும் உள்ளிருந்த நீலம் வெளிப்பட்டது. அங்கே கெட்டது பொடியின் வேதியியல் அன்று, பிடிப்பு என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆயினும், சாலையோரத்தில் பல ஆண்டுகள் வெயிலும் குளிரும் தாங்க வேண்டிய ஓர் அடுக்கு எத்தனை உறுதியாக அமைய வேண்டும் என்பதை அந்த ஊதா விளக்குகள் ஊரறியக் காட்டிவிட்டன.

கண்ணாடிக்குள் பொடி

ஒளிர்பொருளைக் கண்ணாடிக்குள் பொதிவது எப்படி? கண்ணாடியை மாவாக அரைத்து, ஒளிர்பொருள் பொடியோடு கலந்து, அழுத்தி வில்லையாக்கிச் சூளையில் இடுவர். கண்ணாடித்தூள் இளகி ஒன்றோடொன்று இணைந்து, பொடியின் ஒவ்வொரு துகளையும் சூழ்ந்துகொள்ளும். பின்னர் அதனை மெல்லிய தகடாக அறுத்து மெருகேற்றிச் சில்லின்மேல் பொருத்துவர். உலர்திராட்சை பதித்த பணியாரத்தை ஒத்தது இவ்வமைப்பு. துகள்கள் கண்ணாடியில் கரையாமல், தனித்தன்மையோடு உள்ளே உறைந்திருக்க வேண்டும்.

கரையாமல் இருக்க வேண்டும் என்பதில்தான் முழுக் கலையும் அடங்கியிருக்கிறது. சன்னல் கண்ணாடியை உருக்கும் உலையின் வெப்பம் 1,500 டிகிரி செல்சியசை ஒட்டியது. அத்தகைய வெப்பத்தில் எந்தச் செந்நிற ஒளிர்பொருளும் பிழைக்காது. எனவே போரான், பிஸ்மத், துத்தநாகம், டெல்லூரியம் போன்றவற்றின் ஆக்சைடுகளைச் சேர்த்துக் குறைந்த வெப்பத்தில் இளகும் கண்ணாடிகளை உருவாக்குகின்றனர். உறுதியான மஞ்சள் பொடி 600 முதல் 800 டிகிரி வரையிலான சூட்டை எளிதில் தாங்கும். நைட்ரைடு தாங்குவது கடினம். அதிலுள்ள இருமின்னூட்ட யூரோப்பியம் ஆக்சிஜனேற்றம் அடைந்து மும்மின்னூட்ட யூரோப்பியமாக மாறினால் அச்சிவப்பு மறைந்துவிடும். நைட்ரைடு கண்ணாடியோடு வினைபுரிந்து குமிழிகளை எழுப்புவதும் உண்டு. ஃபுளோரைடுக்கோ அதனினும் குளிர்ந்த சூளை தேவை. வெள்ளீயம், பாஸ்பேட், ஃபுளோரைடு கலந்த மிகத் தாழ்வெப்பக் கண்ணாடிகள் அதற்காக ஆராயப்படுகின்றன. ஆனால், மிக எளிதில் இளகும் கண்ணாடி, நீரிலும் எளிதில் கெடும். காவலனுக்கே காவல் தேவைப்படும் நிலை!

இதில் ஒரு முரண் உண்டு. கண்ணாடிக்குள் முதலில் வெற்றிகரமாகப் பொதியப்பட்டது உறுதியான மஞ்சள் பொடியே. காப்பு எதற்கு மிகுதியாகத் தேவையோ, அதற்கு அது கிடைப்பது கடைசியாகத்தான்.

ஆயினும் பயன் பெரிது. நன்கு அமைந்த கண்ணாடி நீராவியை ஏறத்தாழ முற்றிலும் தடுக்கும், மஞ்சளாகாது, வெப்பத்தைப் பிசினைவிட ஐந்து மடங்கு விரைவாகக் கடத்தும். ஒளியியல் நன்மையும் உண்டு. மஞ்சள் பொடியின் ஒளிவிலகல் எண் 1.83, சிலிக்கோனுக்கு 1.41 முதல் 1.54 வரை. இரண்டுக்கும் உள்ள இடைவெளியால் எல்லைப்பரப்பில் ஒளி சிதறி, ஒரு பகுதி வெளியேற வழியின்றி உள்ளேயே அழியும். டெல்லூரியக் கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணைப் பொடியின் எண்ணுக்கு நெருக்கமாக அமைக்கலாம்.

நிலையாத நுண்படிகங்களைக் கண்ணாடி காக்கும் என்பதற்கு வரலாற்றுச் சான்றும் இருக்கிறது. இன்று குவாண்டம் புள்ளிகள் எனப்படும் நுண்படிகங்களின் தனித்த இயல்பை 1981இல் அலெக்சி எக்கிமோவ் கண்டது, நிறமூட்டிய கண்ணாடிக்குள்தான். அக்கண்ணாடியில் செப்புக் குளோரைடு நுண்படிகங்கள் உறைந்திருந்தன. 2023இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களுள் அவரும் ஒருவர். இப்போது ஈரம் பட்டால் சிதையும் சீசியம் காரீய புரோமைடு நுண்படிகங்களையும் கண்ணாடிக்குள்ளேயே வளர்த்தெடுக்கின்றனர். கண்ணாடி அங்கே படிகத்தை நம்மிடமிருந்து காப்பதோடு, காரீயத்திடமிருந்து நம்மையும் காக்கிறது.

எதை அளக்கிறோம்?

இவ்வளவு நன்மை இருந்தும் கண்ணாடி ஏன் பரவவில்லை? விலை ஒரு காரணம். வார்ப்பதைவிட வேகவைத்து, அறுத்து, மெருகேற்றுவது செலவுமிக்கது. எனினும், அதைவிட முதன்மையான காரணம் ஒன்று உண்டு என நான் கருதுகிறேன். சிவப்பு தேய்ந்துபோவதை நம் அளவுகோல்கள் எளிதில் காண்பதில்லை.

விளக்கின் ஆயுள் என்று பெட்டியில் அச்சிடப்படுவது, பெரும்பாலும் தொடக்க ஒளியில் 70 விழுக்காடு எஞ்சும்வரை செல்லும் காலத்தையே குறிக்கிறது. ஒளியின் அளவு லூமெனில் கணக்கிடப்படுகிறது. லூமெனோ கண்ணின் உணர்திறனைக் கொண்டு எடைபோடப்பட்டது. 555 நானோமீட்டர் பச்சையில் கண்ணின் உணர்திறன் உச்சம். 630 நானோமீட்டரில் அது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. 650இல் பத்தில் ஒரு பங்கு. ஆகவே செந்நிறப் பொடி பாதி செத்துவிட்டாலும் லூமென் கணக்கில் பெரிய இழப்பு தெரியாது. விளக்கு உயிரோடிருப்பதாகவே ஏடு சொல்லும். அதன்கீழ் நிற்பவரின் முகம் மட்டும் வெளிறித் தெரியும்.

நிறம் காட்டும் திறனுக்கென ஓர் எண் உண்டே எனக் கேட்கலாம். உண்டு. மென்மையான நிறங்கொண்ட எட்டு மாதிரிகளின் சராசரி அது. அடர்சிவப்பு ஒன்பதாம் மாதிரி. சராசரியில் அது சேர்வதில்லை. எட்டுப் பாடங்களின் சராசரியைக் காட்டி, ஒன்பதாம் பாடத்தில் தோற்றதை மறைப்பது போன்றது இது. ஆய்வகங்களில் நிறப் பெயர்ச்சி அளக்கப்படுவதுண்டு. 85 டிகிரி செல்சியசு வெப்பத்திலும் 85 விழுக்காடு ஈரப்பதத்திலும் வைத்துச் சோதிப்பதும் வழக்கமே. ஆனால், வாங்குவோர் கண்ணில் படும் எண்கள் அவையல்ல. வாங்குபவர் கேளாத ஒன்றுக்காக எந்த உற்பத்தியாளரும் சூளை மூட்டமாட்டார்.

2015இல் தொடங்கிய உஜாலா திட்டத்தின்கீழ் இந்தியாவில் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. விளக்குகள் வழங்கப்பட்டன. மின்சேமிப்பே அதன் இலக்கு. அவ்விலக்கில் குறை காண்பதற்கில்லை. வீட்டில் எரியும் 9 வாட் விளக்குக்குக் கண்ணாடிப் பொதிவு வேண்டியதும் இல்லை. அதன் ஒளிர்பொருள் கெடுவதற்கு முன்பே, அடிப்பகுதியிலுள்ள மின்சுற்றின் மின்தேக்கி பெரும்பாலும் கெட்டுவிடும். அங்கே கண்ணாடியை வற்புறுத்துவது, ஓலைக் குடிசைக்குக் கருங்கல் வாயில் அமைப்பதாகும்.

திறன்மிகு விளக்கின் நிலை வேறு. 2014இல் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் தன் ஐ-8 மகிழுந்தில் லேசர் முகப்பு விளக்கை அறிமுகப்படுத்தியது. நீல லேசர் கற்றை ஒளிர்பொருளின் ஒரு சிறு புள்ளியில் குவியும் அமைப்பு அது. அத்தகைய செறிவின் முன் பிசின் கருகிவிடும் என்பதால், கண்ணாடியிலோ பீங்கானிலோ அமைந்த ஒளிர்பொருள்களையே லேசர் விளக்குகள் நாடுகின்றன. தேவை கட்டாயமாகும் இடத்தில் விலை தடையாவதில்லை என்பதற்கு இது சான்று. சாலைக் கம்பத்திலும் துறைமுகக் கோபுரத்திலும் அக்கட்டாயம் மெல்ல வருவதால் நாம் அதனைக் கட்டாயமாகக் கருதுவதில்லை. உயரத்தில் ஏறி ஒரு விளக்கை மாற்றும் செலவும், அதற்காகப் போக்குவரத்தை நிறுத்தும் இடரும் விளக்கின் விலையில் எழுதப்படுவதில்லை.

எனவே நகராட்சிகளும் மருத்துவமனைகளும் துறைமுகங்களும் திறன்மிகு விளக்குகளை வாங்கும்போது, ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் இரண்டு எண்களைக் கூடுதலாகக் கேட்க வேண்டும். ஒன்று, ஒன்பதாம் மாதிரியான அடர்சிவப்பின் மதிப்பு. மற்றொன்று, 6,000 மணிநேரம் எரிந்த பிறகு அம்மதிப்பில் எஞ்சியது எவ்வளவு என்பது. கண்ணாடி வேண்டும் என்று எழுத வேண்டியதில்லை. அவ்விரண்டு எண்களையும் பிசினாலேயே காக்க முடிந்தால் பிசினே இருக்கட்டும். முடியாத இடத்தில் உற்பத்தியாளரே சூளையைத் தேடிச் செல்வார்.